வார்டிலிருந்து மணிக்கட்டுக்கு: மனச்சோர்வை அளந்த கருவிகளின் கதை

2020 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஆப்பிள் நிறுவனமும் சேர்ந்து மூன்றாண்டு ஆய்வு ஒன்றை அறிவித்தன. ஐபோன், கைக்கடிகாரம், படுக்கையில் பொருத்தும் உறக்கமானி ஆகிய மூன்றையும் வைத்து மனச்சோர்வின் அடையாளங்களைப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். கருவிகள் புதியவை, ஆசை பழையது. மனநோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்காமல் அவர் உடம்பிலிருந்தே சாட்சியம் வாங்க வேண்டும் என்று மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். அந்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரே சறுக்கல் மறுபடி மறுபடி நடந்திருப்பது தெரியும். நோய் இருப்பது ஏற்கெனவே உறுதியான ஒருவரின் ஏற்ற இறக்கத்தை அளக்கவே கருவி பிறக்கிறது. கொஞ்ச காலத்தில், கூட்டத்தில் யாருக்கு நோய் என்று காட்டிக்கொடுக்கும் வேலையும் அதன் தலையில் ஏற்றப்படுகிறது. முதல் வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறது. இரண்டாவது வேலையில் ஒவ்வொரு முறையும் சறுக்கியிருக்கிறது. இன்றைய ஸ்மார்ட் வாட்சுக்கும் இது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடும் கருவிக்கு முன்னோடி என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென்-ஜூல் மாரேயைச் சொல்லலாம். 1860இல் நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியைச் செய்தவர் அவர். பிறகு, அடிப்பகுதியில் காற்றறை வைத்த காலணியை ஒருவருக்கு மாட்டி, பதிவுக்கருவியை அவர் கையிலேயே கொடுத்து நடக்கவிட்டு, நடையைப் படமாக்கினார். மனநோய்க்கு இந்த அளவீட்டு மோகத்தைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின். ஆய்வுக்கூட உளவியலைத் தொடங்கிவைத்த வுண்ட்டின் மாணவர் என்பதால், நோயாளியின் பேச்சைவிட ஸ்டாப்வாட்சை அவர் அதிகம் நம்பினார். எழுதும்போது பேனா தரும் அழுத்தத்தையும் அதன் வேகத்தையும் பதியும் எழுத்துத் தராசு அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. சோர்வில் விழுந்தவரின் கை மெதுவாகும், சொல் தாமதமாகும், உடல் முழுவதும் கனத்துப்போகும் என்ற வர்ணனை இன்றைய பாடநூல்கள்வரை வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1907இல் ஸூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் கார்ல் யுங்கும் அமெரிக்கரான பீட்டர்சனும் இன்னொரு வழியில் போனார்கள். நோயாளியின் கைகளைப் உலோகத் தகடுகள்மேல் வைத்து, தோல் வழியே செல்லும் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று கால்வனோமீட்டரில் பார்த்தார்கள். இன்று சில கைப்பட்டைகளில் இருக்கும் வியர்வை சென்சாரின் பாட்டன் அது.

மனநோயை அளந்த இவர்களில் யாரும் தெருவில் போகிறவரைப் பிடித்து அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளக்கப்பட்ட நோயாளிகளின் நோய் மருத்துவமனைக்கு ஏற்கெனவே தெரியும். இந்த எல்லையை எழுத்திலேயே போட்டவர் பிரிட்டனின் மேக்ஸ் ஹாமில்டன். மனச்சோர்வு மாத்திரைகள் அப்போதுதான் வந்திருந்தன. மருந்து வேலை செய்கிறதா என்று எண்ணிச் சொல்ல ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1960இல் ஹாமில்டன் வெளியிட்ட பட்டியலில் 17 இனங்கள். அவற்றில் மூன்று உறக்கத்துக்கே: படுத்ததும் தூக்கம் வராதது, நடு இரவில் விழிப்பது, விடிவதற்கு வெகு முன்பே எழுந்துவிடுவது. உடல் மந்தத்துக்கும் படபடப்புக்கும் தனித்தனி இடம் உண்டு. மந்தத்துக்கான மதிப்பெண்ணை நோயாளியிடம் கேட்டுப் போடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் பார்த்துப் போட வேண்டும். மனச்சோர்வு என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களிடம் மட்டுமே இந்த அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்று ஹாமில்டன் அந்தக் கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். அறுபது ஆண்டுகளாக அதிகம் மறக்கப்பட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மருத்துவர் பார்த்துப் போடும் மதிப்பெண்ணைக் கருவியிடம் ஒப்படைக்கலாமே என்ற எண்ணம் அடுத்த பத்தாண்டில் செயலுக்கு வந்தது. அதற்குள் வழி ஒன்று திறந்திருந்தது. மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் 1940களின் கடைசியில் இதயத் துடிப்பை ரேடியோ வழியே அனுப்பும் கருவியை முதுகில் சுமக்கவைத்தார். எடை சுமார் 38 கிலோ! இதய நோயாளி அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருந்தால் சோதனைக்கே அவசியம் இருந்திருக்காது. டிரான்ஸிஸ்டர் வந்ததும் அந்தச் சுமை கைக்கு அடக்கமானது. மனநோய்ப் பக்கம் இந்த நுட்பத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் குப்ஃபர். அவர் எடுத்துக்கொண்டது ஹோசே டெல்கடோ செய்திருந்த அசைவுப் பதிவுக்கருவியை. 1960களில் ஸ்பெயினில் பாயும் காளையின் மூளைக்குள் வைத்த மின்முனையை ரேடியோவால் இயக்கி, அதைப் பாதியில் நிறுத்திக்காட்டிய அதே டெல்கடோதான். அவரது கருவியை மனிதர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டும் கட்டுரை 1972இல் வந்தது. வார்டில் நோயாளி தம் பாட்டுக்கு நடமாடுவார், உடம்பில் கட்டிய சிறு கருவி அசைவுகளை ரேடியோவில் அனுப்பும், எண்ணிக்கை ஏறும். 1974இல் குப்ஃபரின் குழு வெளியிட்ட முடிவுகளில், இருமுனை நோயின் சோர்வுக் கட்டத்தில் இருந்தவர்கள் வெறும் மனச்சோர்வு நோயாளிகளைவிடக் குறைவாக அசைந்தார்கள். ஒரே பெயரில் அழைக்கப்படும் சோர்வுக்குள் இரண்டு வகை உடல்நடத்தை இருக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியவைத்த நல்ல ஆய்வு அது. நோயாளி எனத் தெரிந்தவர்களுக்கு நடுவில் வேறுபாடு பார்த்ததால்தான் அது நல்ல ஆய்வானது.

கருவி மணிக்கட்டுக்கு நிரந்தரமாக இடம்பெயர்ந்தது அதே பத்தாண்டில். பதிவைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் கருவியை அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தார்கள். 1978இல் டேனியல் கிரிப்கியும் குழுவினரும் மணிக்கட்டு அசைவை வைத்தே உறக்கத்தையும் நாள்சுழற்சியையும் கணிக்கலாம் என்று எழுதினார்கள். இது வேலை செய்யும் விதம் எளிமையானது. கருவிக்குள் இருக்கும் சென்சார் கையின் அசைவை விநாடிக்குப் பல முறை உணர்கிறது. குறிப்பிட்ட வலுவைத் தாண்டிய அசைவுகளைக் கூட்டி நிமிடத்துக்கு ஓர் எண் என்று எழுதி வைக்கிறது. நாளொன்றுக்கு 1,440 எண்கள். இரவில் அந்த எண்கள் தொடர்ந்து பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் மென்பொருள் அதை உறக்கம் என்று குறிக்கிறது. சிக்கல் இங்கேதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, எழக்கூடத் தெம்பில்லாமல், விட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடப்பவரின் மணிக்கட்டு தூங்குகிறவரின் மணிக்கட்டைப் போலவே இருக்கும். தூக்கத்தைத் தூக்கம் என்று பிடிப்பதில் இக்கருவி கெட்டி. அசையாத விழிப்பை விழிப்பு என்று பிடிப்பதில் பலவீனம். ஹாமில்டன் தனி இனமாக எழுதி வைத்த அந்த அதிகாலை விழிப்பு, மனச்சோர்வின் மிகப் பழைய அடையாளங்களில் ஒன்று. அதையே கருவி நல்ல தூக்கம் என்று கணக்கில் சேர்த்துவிடக்கூடும். இன்றைய கடிகாரங்கள் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பார்ப்பதால் நிலைமை கொஞ்சம் மேல்; தீர்ந்துவிடவில்லை.

அளக்கப் பிறந்ததை நோயைக் கண்டுபிடிக்க வைக்கும் அந்தப் பழைய சறுக்கலின் பாடம், ஸ்மார்ட் வாட்ச் வருவதற்கு முன்பே இரண்டு முறை நடத்தப்பட்டிருந்தது. இரண்டுமே அணியும் கருவிகள் அல்ல. ஆனாலும் இந்தக் கதைக்குள் அவை வந்தே ஆக வேண்டும். 1972இல் குப்ஃபரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபாஸ்டரும், மனச்சோர்வு நோயாளிகள் தூங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கனவுறக்கத்துக்குள் போய்விடுகிறார்கள் என்று காட்டினார்கள். நோயின் அடையாளமே கிடைத்துவிட்டதாக நம்பிக்கை எழுந்தது. இருபது ஆண்டு கழித்து 177 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த ஒரு மனநோய்க்கும் தனித்துச் சொந்தமான உறக்க அளவு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. 1981இல் மனநல மருத்துவர் பெர்னார்ட் கரோல் முன்வைத்த, டெக்சாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையின் கதை இன்னும் விறுவிறுப்பானது. ஆழ்ந்த மனச்சோர்வு உள்ளவர்களில் 67 சதவீதத்தினரை அது சரியாகப் பிடித்தது. அது இல்லாதவர்களில் 96 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. கரோல் அதை முன்வைத்தது ஆழ்ந்த சோர்வு என்ற குறிப்பிட்ட வகைக்கு. எல்லா மருத்துவமனைகளும் எல்லா நோயாளிகளுக்கும் அதைச் செய்துபார்க்கத் தொடங்கியதும் எண்கள் சரிந்தன. உடல் எடை குறைந்தவர், குடி நோயாளி, மறதி நோயாளி என்று சம்பந்தமில்லாதவர்கள் எல்லாம் அதில் சிக்கினார்கள். பத்தாண்டுக்குள் பரிசோதனை வழக்கொழிந்தது. அது பொய்யில்லை, அதைத் தவறான கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் கோளாறு.

கடைக்கு வந்த கருவிகளின் வம்சம் வேறு. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் யமாசா நிறுவனம் காலடி எண்ணும் மான்போ-கேயை விற்றது. 2009இல் ஃபிட்பிட், 2015இல் ஆப்பிள் வாட்ச். உடற்பயிற்சிக்காகப் பிறந்த இவற்றுக்குள் பச்சை விளக்கும் ஒளி சென்சாரும் நுழைந்தன. தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்து இதயத் துடிப்பை எண்ணத் தொடங்கின. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேர மாறுபாடு குறைந்தால் மனம் சோர்ந்திருக்கிறது என்ற எண்ணமும் கூடவே பரவியது. அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2008இல் நெதர்லாந்தின் பெரிய மனச்சோர்வு ஆய்விலிருந்து வந்த முடிவு யோசிக்கவைக்கிறது. நோயாளிகளிடம் அந்த மாறுபாடு குறைந்திருந்ததற்குப் பெரும்பாலும் காரணம் நோய் அல்ல, அவர்கள் சாப்பிட்ட மனச்சோர்வு மாத்திரைகள். அதாவது கருவி பிடித்தது மருந்துச் சீட்டை!

கணினிக் கற்றல் காலத்தின் சான்றுகளும் இதே திசையில்தான் கை காட்டுகின்றன. நார்வேயிலிருந்து 2018இல் பொதுவில் வைக்கப்பட்ட தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். இத்துறையில் எத்தனையோ கட்டுரைகளுக்கு அதுவே மூலப்பொருள். சோர்வுற்றவர்கள் 23 பேர், ஒப்பீட்டுக்கு 32 பேர், எல்லார் கையிலும் அசைவுக் கருவி. ஒப்பீட்டுக் குழுவில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போகாதவர்கள். இந்த இரு குழுக்களையும் அசைவால் பிரித்தறியும் மென்பொருள் மனச்சோர்வைக் கண்டதா, அல்லது காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் யார் என்று கண்டதா? இதற்குப் பதில் சொல்லாமல் துல்லியச் சதவீதத்தை மட்டும் தலைப்பில் போடும் கட்டுரைகளை நம்பக்கூடாது. மறுபக்கம், பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை ஒரு வாரம் கைக்கருவி அணிந்த 91,105 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வந்த ஆய்வு, பகல்-இரவு வேறுபாடு மங்கியவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று உறுதிசெய்தது. உறவு உண்மை, அளவோ சிறிது. மக்களை ஐந்து படிகளாகப் பிரித்தால், ஒரு படி கீழிறங்கும்போது மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 1.06 மடங்கு. ஒரு லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் வேறுபாடு அது; தனி ஆளின் மணிக்கட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 497 பேரிடம் கைபேசியும் கைப்பட்டையும் கொண்டு பல ஆண்டுகள் திரட்டிய தரவில், முன்பு வெற்றி பெற்றதாகச் சொல்லப்பட்ட கணிப்பு முறைகளைச் சோதித்தபோது, ஓர் ஆண்டுத் தரவில் பழகியவை இன்னோர் ஆண்டில் தடுமாறின.

இதற்கு ஆட்சேபம் இருக்கிறது, வலுவானதும்கூட. மனிதர் மறைப்பார், மறப்பார், வெட்கப்படுவார். 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார். உடம்புக்கு நடிக்கத் தெரியாது, ஆகவே அதன் சாட்சியமே மேல் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளுக்கு யார் சோர்வுற்றவர் என்று கற்றுக்கொடுத்தது எது? கேள்வித்தாள். 2001 முதல் புழக்கத்தில் உள்ள ஒன்பது கேள்விப் படிவமோ, ஹாமில்டன் வகை மதிப்பெண்ணோதான் விடைத்தாளாக வைக்கப்படுகிறது. வாய்ச்சொல்லை நம்பாதே என்று புறப்பட்ட கருவி வாய்ச்சொல்லையே ஆசானாக வைத்துப் படித்திருக்கிறது. ஆசானின் தவறுகளும் அதற்குள் வந்துவிடும். மேலும் உடம்பு ஒரே மொழியில் பேசுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி தூக்கம் குறைவதும் அறிகுறி, கூடுவதும் அறிகுறி. பசி போவதும் அறிகுறி, அதிகரிப்பதும் அறிகுறி. மந்தமும் அறிகுறி, நிலைகொள்ளாமல் தவிப்பதும் அறிகுறி. 2015இல் 3,703 நோயாளிகளின் பதிவுகளை அலசியவர்கள் அவர்களுக்குள் 1,030 வெவ்வேறு அறிகுறிச் சேர்க்கைகளை எண்ணினார்கள். ஒருவருக்குச் சோர்வைக் காட்டும் அதே கோடு இன்னொருவருக்குத் தேறுதலைக் காட்டும்.

தரவு பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். ஓரளவு சரியாகும். ஆனால் கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானாலும் தப்பாத கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், கணக்கெடுத்த நேரத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 2.7 சதவீதம். ஆயிரம் பேருக்கு 27 பேர். நோயாளிகளில் 80 சதவீதத்தினரைப் பிடிக்கும், நலமாக இருப்பவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் கடிகாரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 27 பேரில் சுமார் 22 பேரை அது பிடிக்கும். மிச்சம் 973 பேரில் ஏறக்குறைய 195 பேரிடமும் உங்களுக்கு மனச்சோர்வு என்று சொல்லும். எச்சரிக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் நோய். மனநல வார்டு ஒன்றில் பாதிப் பேருக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இதே கருவி பிரமாதமாகத் தெரியும். கரோலின் பரிசோதனை விழுந்த குழியும் இதுவே. இதில் அறிவியல் குற்றம் எதுவுமில்லை, பெருக்கல் கணக்குதான்.

தவறான எச்சரிக்கையால் என்ன நஷ்டம், டாக்டரைப் பார்த்து இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் போயிற்று என்று தள்ளிவிட முடியாது. அந்த எச்சரிக்கை கடிகாரத்தோடு நின்றால் பரவாயில்லை, நிற்காது. ஊழியர் நலத் திட்டம் என்ற பெயரில் கைப்பட்டை கொடுக்கும் முதலாளிக்கும், தள்ளுபடி தருகிறேன் என்று தரவைக் கேட்கும் காப்பீட்டாளருக்கும் அது எட்டும். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்மேல் வைக்கிறது. கடிகாரம் விற்கிறவர் சிகிச்சை தருபவர் அல்ல. 2023இன் தனிநபர் தரவுச் சட்டமோ உடல்நலத் தரவைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காப்பு தரவில்லை. பொய்யான முத்திரை ஒட்டப்பட்ட அந்த 195 பேருக்கும் சட்டத்தில் தெளிவான இடமில்லை.

அதற்காகக் கருவியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. குப்ஃபரின் வார்டில் அது செய்த வேலையை வீட்டிலும் செய்யும். லண்டன், பார்சிலோனா, ஆம்ஸ்டர்டாம் பக்கங்களில் 623 பேரைச் சேர்த்து நடந்த ரேடார் ஆய்வு இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் முன்பே மனச்சோர்வு வந்தவர்கள். ஃபிட்பிட்டும் கைபேசியும் வைத்துக்கொண்டு இரண்டாண்டு வரை பின்தொடரப்பட்டார்கள். கேள்வி, இவருக்கு நோய் இருக்கிறதா என்பதல்ல. மறுபடி வருவதை முன்கூட்டி அறிய முடியுமா என்பது. இங்கே ஒருவரின் இந்த மாதத் தூக்கம் அவருடைய போன மாதத் தூக்கத்தோடு ஒப்பிடப்படுகிறது. ஊராரின் சராசரியோடு அல்ல. புது மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் நடமாட்டம் கூடியதா, இருமுனை நோயாளியின் இரவு திடீரெனச் சுருங்குகிறதா என்று மருத்துவருக்குக் காட்ட, நினைவைவிடக் கைப்பட்டை நம்பகமானது. இத்தனைக்கும் இந்தப் பயனுக்கு விளம்பரம் குறைவு. ஏற்கெனவே நோயாளியானவர்களுக்கு மட்டும் விற்றால் சந்தை சிறியதுதானே.

கடைசி ஆட்சேபம் நம் ஊருக்கு நெருக்கமானது. மனநல மருத்துவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கும் நாட்டில், பத்துக்கு ஒன்பது தப்பினாலும் ஏதோ ஒரு சல்லடை வேண்டாமா? தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. அந்த இடைவெளி கண்டுபிடிப்பதற்கும் சிகிச்சைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, வெளியில் சொல்லத் துணிச்சல் இல்லை. சல்லடை வைத்தால் ஏற்கெனவே நீண்டு நிற்கும் வரிசையில், நோயில்லாத 195 பேர் நோயுள்ள 22 பேருக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஆகவே மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லிக் கடிகாரம் விற்பவர்கள், இந்திய மக்களிடம் எத்தனை பேரைச் சோதித்தார்கள், எத்தனை பேரைத் தவறாகப் பிடித்தார்கள் என்ற இரண்டு எண்களையாவது அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அதுவரை வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து யாரும் தமக்கு நோய் என்றோ இல்லை என்றோ முடிவுகட்ட வேண்டாம். மனது இரண்டு வாரமாகச் சரியில்லை என்று தோன்றினால் அரசின் டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேச ஆள் உண்டு.